எந்த வேலை பிந்தினால் எல்லாம் பிந்தும்?
(திட்டமிடல் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேச)



கடன் வாங்குவது, சேமிப்பது, கணக்கு எழுதுவது பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இந்த முறை நாளைப் பற்றிப் பேசுவோம். பணத்தை எண்ணிச் செலவு பண்ணுகிற நாம், நாளை எண்ணிச் செலவு பண்ணுகிறோமா? எங்கள் குழு பண்ணவில்லை. அதனால் பட்ட பாட்டை முதலில் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

எங்களுக்கு நடந்தது

எங்கள் குழுவில் 12 பேர். மிளகாய்த்தூள், மல்லித்தூள் அரைத்து பாக்கெட் போட்டு விற்கலாம் என்று முடிவு செய்தோம். ஊரில் பூட்டிக் கிடந்த ஒரு பழைய கட்டடம் வாடகைக்குக் கிடைத்தது. தீபாவளிக்கு 100 கிலோ மிளகாய்த்தூள் எடுத்துக்கொள்கிறேன் என்று டவுன் கடைக்காரர் ஒருவர் வாக்குக் கொடுத்தார். சந்தோஷமாகத் தீர்மானம் எழுதினோம்.

வங்கியில் பணம் வரட்டும், பிறகு கட்டடத்தில் கை வைக்கலாம் என்று காத்திருந்தோம். தீர்மானம் எழுதிய நாளிலிருந்து 27-ஆம் நாள் பணம் வந்தது. அன்றே மெஷினுக்கு முன்பணம் கட்டினோம். தரை போட்டு, வெள்ளையடித்து, ஒயரிங் முடிக்க 47-ஆம் நாள் ஆனது. 52-ஆம் நாள் மெஷின் லாரியில் வந்து இறங்கியது. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. மெஷினுக்கு மாலை போட்டோம், சூடம் காட்டினோம். மெஷின்காரர், "கரண்ட் எங்கேம்மா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வருகிற கரண்ட் அந்த மெஷினுக்குப் போதாது. மும்முனை இணைப்பு வேண்டும். மெஷின் வந்த அன்றுதான் அதற்கு எழுதிக் கொடுத்தோம். 30 நாள் ஆகும் என்றார்கள். சொன்னபடியே 30-ஆம் நாள் கொடுத்தார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. நாம் கேட்டதுதான் பிந்திவிட்டது. முதல் அரவை முடிந்து பாக்கெட் கையில் வந்தது 88-ஆம் நாள். கடன் வாங்கி 60 நாளில் முதல் தவணை. அதாவது 87-ஆம் நாள். ஒரு பாக்கெட் கூட விற்காமல் தவணை கட்ட வேண்டி வந்தது. ஆளுக்கு 500 ரூபாய் போட்டு 6,000 ரூபாய் கட்டினோம். நாற்று நட்ட கூலியை அப்படியே கொண்டுவந்து வைத்தவர்கள் இருக்கிறார்கள். தீபாவளியும் போய்விட்டது. கடைக்காரர் வேறு இடத்தில் வாங்கிவிட்டார்.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. லேபிள் சீக்கிரம் வேண்டும் என்று அச்சகத்துக்கு 800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருந்தோம். அந்த லேபிள் கட்டு இரண்டு வாரத்துக்கும் மேல் மூலையில் கிடந்தது!

நாங்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை. பகலில் வயல் வேலை, சாயங்காலம் கட்டட வேலை என்று ஓடினோம். எந்த வேலையை முதலில் பிடிக்க வேண்டும் என்பது மட்டும் தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்கிற வழிதான் இந்தப் பாடம்.

நாற்றங்கால் சொல்லும் பாடம்

நடவுக்கு என்னென்ன வேண்டும்? ஒரு பக்கம் விதை நெல்லை ஊற வைத்து முளை கட்ட 2 நாள், நாற்றங்காலில் வளர 25 நாள். ஆக 27 நாள். இன்னொரு பக்கம் வயலில் உழவு, அண்டை வெட்டு, தொழு உரம், பரம்படிப்பு எல்லாம் சேர்ந்து 12 நாள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே சமயத்தில் நடக்கும். அப்படியானால் நடவு எத்தனையாவது நாள் முடிந்த பிறகு?

27 நாள் முடிந்த பிறகு. 12 நாள் என்று யாரும் சொல்ல மாட்டீர்கள். இரண்டையும் கூட்டி 39 நாள் என்றும் சொல்ல மாட்டீர்கள். எந்தப் பக்கம் நீளமோ அந்தப் பக்கம்தான் நடவு நாளைத் தீர்மானிக்கிறது.

இப்போது கூடுதல் கூலி கொடுத்து இரண்டு டிராக்டர் விட்டு, 12 நாள் வயல் வேலையை 6 நாளில் முடித்தால் நடவு முந்துமா? முந்தாது. நாற்று வளர வேண்டாமா? கூலிதான் நஷ்டம். அதே நேரம், டிராக்டர் ஒரு வாரம் பிந்தினாலும் நடவு கெடாது. ஏனென்றால் வயல் வேலைக்கு 27-இல் 12 போக 15 நாள் கையில் இருக்கிறது. ஆனால் விதை விடுவதில் ஒரு நாள் பிந்தினால் நடவும் ஒரு நாள் பிந்தும்.

செம்மை நெல் சாகுபடி செய்கிறவர்கள் 14 நாள் இளநாற்றை நடுகிறார்கள். அங்கே முளை கட்ட 2, நாற்றுக்கு 14, ஆக 16 நாள்தான். வயல் வேலைக்குக் கையில் இருப்பது வெறும் 4 நாள். டிராக்டர் ஒரு வாரம் பிந்தினால் நடவே பிந்திவிடும். நாற்றுப் பக்கம் சுருங்கியதும் வயல் பக்கத்தின் சுதந்திரமும் சுருங்கிவிட்டது, பார்த்தீர்களா?

இவ்வளவுதான் பாடம். நமக்குத் தெரிந்ததுதான். ஆனால் வேலை இரண்டு பக்கமாக இல்லாமல் பத்துப் பக்கமாகப் பிரியும்போது மனக்கணக்கில் நிற்காது. அங்கேதான் தவறுகிறோம்.

பெயர் தெரிந்துகொள்வோம்

முடிவு நாளைத் தீர்மானிக்கிற அந்த நீளமான பாதைக்கு ஆங்கிலத்தில் கிரிட்டிக்கல் பாத் என்று பெயர். நாம் முக்கியப் பாதை என்று வைத்துக்கொள்வோம். வயல் வேலைக்குக் கிடைத்த 15 நாள் மாதிரி, முடிவு நாளைக் கெடுக்காமல் ஒரு வேலை எத்தனை நாள் தள்ளிப் போகலாமோ, அதற்குப் பெயர் கையிருப்பு நாள். நம் கணக்குப் புத்தகத்தில் கையிருப்பு எழுதுகிறோமே, அதே மாதிரி. முக்கியப் பாதையில் உள்ள வேலைக்குக் கையிருப்பு பூஜ்யம்.

இந்த முறையை 1957-இல் அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனிக்காக மார்கன் வாக்கர், ஜேம்ஸ் கெல்லி என்ற இருவர் உருவாக்கினார்கள். அப்போது யூனிவாக் என்ற பெரிய கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டார்கள். அடுத்த ஆண்டே, 1958-இல், அமெரிக்கக் கடற்படையும் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக இதே மாதிரி ஒரு முறையைக் கொண்டுவந்தது. இன்று பாலம், ரயில் பாதை, தொழிற்சாலை என்று பெரிய வேலைகளுக்கு இப்படித்தான் திட்டம் போடுகிறார்கள். பெரிய கம்பெனிக்கு ஆகிற கணக்கு மிளகாய் அரைக்கிற நமக்கும் ஆகும்.

எங்கள் வேலையைப் பட்டியல் போட்டபோது

எல்லாம் நடந்து முடிந்த பிறகு கூட்டமைப்பு அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அங்கே கணக்கு எழுதுகிற பெண், எங்கள் குழு உறுப்பினர் ஒருவரின் மகள். "அத்தை, நடந்தத விடுங்க. என்னென்ன வேலை, எத்தன நாளு, எது முடிஞ்சா எத ஆரம்பிக்கலாம், இத மட்டும் சொல்லுங்க" என்றாள். சொன்னோம். அவள் எழுதியது இது:

1. தீர்மானம், விலைப்புள்ளி வாங்குதல், கடன் மனு – 7 நாள் – முதல் வேலை
2. கடன் கைக்கு வருதல் – 20 நாள் – 1 முடிந்த பிறகு
3. மெஷின் ஆர்டர் கொடுத்து வந்து சேருதல் – 25 நாள் – 2 முடிந்த பிறகு
4. கட்டடப் பழுது, தரை – 15 நாள் – 1 முடிந்த பிறகு
5. ஒயரிங் – 5 நாள் – 4 முடிந்த பிறகு
6. மின் இணைப்பு – 30 நாள் – 5 முடிந்த பிறகு
7. உணவுப் பாதுகாப்புப் பதிவு – 15 நாள் – 4 முடிந்த பிறகு
8. லேபிள், பை அச்சடித்தல் – 12 நாள் – 7 முடிந்த பிறகு (பதிவு எண் லேபிளில் வர வேண்டும்)
9. பயிற்சி – 10 நாள் – 1 முடிந்த பிறகு
10. மெஷின் பொருத்தி ஓட்டிப் பார்த்தல் – 3 நாள் – 3, 6 இரண்டும் முடிந்த பிறகு
11. முதல் அரவை, பாக்கெட் – 3 நாள் – 8, 9, 10 மூன்றும் முடிந்த பிறகு

இந்த நாட்கள் எங்கள் ஊர்க் கணக்கு. உங்கள் ஊரில் வேறாக இருக்கும். அலுவலகத்திலும் கடையிலும் நேரில் கேட்டு எழுதுங்கள். "ஆகும், ஆகும்" என்று நாமாக எழுதினால் கணக்கு பொய்த்துவிடும்.

நான்காவது வரியைப் பாருங்கள். கட்டடப் பழுது "1 முடிந்த பிறகு" என்று இருக்கிறது. நாங்கள் கடனுக்காகக் காத்திருந்தோம். அவள் கேட்டாள்: "பழுது பாக்க எவ்வளவு ஆச்சு? உங்க குழு சேமிப்புல அவ்வளவு இல்லையா?" இருந்தது. உள்கடன் கொடுக்க வைத்திருந்த பணம். அதை 20 நாள் புரட்டியிருந்தால் போதும். "எதற்குப் பிறகு எது" என்று எழுதும்போது, இது உண்மையிலேயே காத்திருக்க வேண்டியதா, நாமாகப் பழக்கத்தில் காத்திருப்பதா என்று ஒவ்வொரு வரியிலும் கேட்க வேண்டும்.

முன்னாலிருந்து எண்ணுவோம்

தரையில் சாக்பீஸால் வேலைகளைக் கட்டம் கட்டமாகப் போடுங்கள். எதற்குப் பிறகு எதுவோ அதற்கு அம்புக்குறி போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேலைக்கு ஆகும் நாளுக்குப் புளியங்கொட்டை வையுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத சகோதரியும் இதில் கலந்துகொள்ளலாம்.

இப்போது பாதை பாதையாகக் கூட்டுவோம்.

மெஷின் பாதை: தீர்மானம் 7, கடன் 20, மெஷின் 25. மொத்தம் 52.
கரண்ட் பாதை: தீர்மானம் 7, பழுது 15, ஒயரிங் 5, மின் இணைப்பு 30. மொத்தம் 57.
லேபிள் பாதை: தீர்மானம் 7, பழுது 15, பதிவு 15, லேபிள் 12. மொத்தம் 49.
பயிற்சிப் பாதை: தீர்மானம் 7, பயிற்சி 10. மொத்தம் 17.

மெஷினைப் பொருத்த மெஷினும் வேண்டும், கரண்டும் வேண்டும். எது கடைசியில் வருகிறதோ அதற்குப் பிறகுதான். ஆக 57. பொருத்த 3 நாள், 60. முதல் அரவைக்கு 3 நாள், 63.

முக்கியப் பாதை இதுதான்: தீர்மானம், பழுது, ஒயரிங், மின் இணைப்பு, பொருத்துதல், முதல் அரவை. மொத்தம் 63 நாள்.

மெஷின் இந்தப் பாதையிலேயே இல்லை! இருப்பதிலேயே விலை அதிகமான பொருள் அது. எங்கள் கண் முழுக்க அதன் மேலேயே இருந்தது. முடிவு நாளைப் பிடித்து வைத்திருந்ததோ மின் இணைப்புக்கான ஒரு மனு.

இந்தக் கணக்குப்படி போயிருந்தால் 88-ஆம் நாள் கையில் வந்தது 63-ஆம் நாளே வந்திருக்கும். 25 நாள் மிச்சம். தவணை நாளுக்குள் 24 நாள் விற்றிருக்கலாம். இதற்குக் கூடுதல் பணமோ கூடுதல் உழைப்போ வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும்.

ஒரு சந்தேகம் வரும். "நீளமான பாதைன்னா அது ரொம்ப நாள் ஆகுற வழி. அதை எதுக்குப் பாக்கணும்? குறுக்கு வழியப் பாக்கலாமே?" என்று எங்கள் பிரதிநிதி அக்கா கேட்டார். நல்ல கேள்வி. இது ஊருக்குப் போகிற பாதை மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் போகிற பாதை இல்லை. எல்லாப் பாதையிலும் உள்ள எல்லா வேலையும் முடிந்தாக வேண்டும். கடைசி ஆள் வந்து சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். அதனால் நீளமான பாதையின் நாள்தான், திட்டம் முடிய வேண்டிய மிகக் குறைந்த நாள்.

பின்னாலிருந்து எண்ணுவோம்

கையிருப்பு நாளைக் கண்டுபிடிக்க முடிவிலிருந்து திரும்பி வர வேண்டும். முதல் அரவை 60 நாள் முடிந்ததும் தொடங்க வேண்டும். லேபிள் அதற்குள் வந்தால் போதும். நம் கணக்கில் 49-லேயே வந்துவிடும். கையிருப்பு 11 நாள். பயிற்சி 17-லேயே முடியும். கையிருப்பு 43 நாள். மெஷின் 57-க்குள் வந்தால் போதும், 52-இல் வந்துவிடும். கையிருப்பு 5 நாள்.

லேபிளுக்கு 800 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தோமே, அது ஏன் வீண் என்று இப்போது புரிகிறதா? கையிருப்பு உள்ள வேலையை அவசரப்படுத்திப் பயன் இல்லை. பணம் கொடுத்து நாளை வாங்குவதானால் முக்கியப் பாதையில் மட்டும் வாங்க வேண்டும்.

கையிருப்பு நாளில் ஒரு எச்சரிக்கை. பதிவுக்கும் லேபிளுக்கும் ஆளுக்கு 11 நாள் என்று நினைத்துவிடக் கூடாது. இரண்டும் ஒரே பாதை. 11 நாளும் இரண்டுக்கும் பொது. பதிவு வாங்குவதில் 8 நாளைத் தின்றுவிட்டால் லேபிளுக்கு மிஞ்சுவது 3 நாள்தான். பொதுச் சேமிப்பிலிருந்து ஒருவர் எடுத்தால் மற்றவருக்குக் குறைகிற மாதிரி.

பாதை மாறும்

முக்கியப் பாதை ஒரு முறை கண்டுபிடித்தால் கடைசி வரை அதேதான் என்று இல்லை. கடன் 20 நாளில் வரும் என்றார்கள். 28 நாள் ஆகிவிட்டது என்று வையுங்கள். மெஷின் பாதை 7, 28, 25 சேர்ந்து 60 ஆகிவிடும். கரண்ட் பாதையின் 57-ஐத் தாண்டிவிட்டது. இப்போது கடனும் மெஷினும்தான் முக்கியப் பாதை. திட்டம் 66 நாள். கடன் 8 நாள் பிந்தியது, திட்டம் பிந்தியது 3 நாள். மீதி 5 நாளைக் கையிருப்பு தாங்கிக்கொண்டது.

சுருக்கும்போதும் இதுதான் கதை. எங்கள் கட்டடப் பழுது 15 நாளில் சுவர் வேலை 7 நாள், தரை வேலை 8 நாள். ஒயரிங்குக்குச் சுவர் முடிந்தால் போதும், தரை முடிய வேண்டியதில்லை. தரை வேலையையும் ஒயரிங்கையும் சேர்த்தே நடத்தியிருந்தால் கரண்ட் பாதை 7, 7, 5, 30 என்று 49 ஆகியிருக்கும். 8 நாள் மிச்சம். ஆனால் திட்டத்தில் மிச்சம் 8 நாளா? இல்லை. மெஷின் பாதை 52-இல் நிற்கிறது. அதனால் மொத்தம் 58. மிச்சம் 5 நாள்தான். அதற்கு மேலும் சுருக்க வேண்டுமானால் இனி வங்கிக்கும் மெஷின் கடைக்கும்தான் நடக்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் எப்படி?

பதினோரு வேலையைத் தரையில் போடலாம். கூட்டமைப்பு ஐம்பது வேலை கொண்ட பெரிய திட்டம் எடுத்தால் கம்ப்யூட்டர் உதவும். மைக்ரோசாப்ட் பிராஜெக்ட் விலை கொடுத்து வாங்க வேண்டியது. கான்ட் பிராஜெக்ட், பிராஜெக்ட் லிப்ரே போன்றவற்றை இலவசமாகவே போட்டுக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் யாராவது கம்ப்யூட்டர் படித்திருந்தால் அவர்களை உட்கார வைத்துச் செய்யலாம். செய்ய வேண்டியது மூன்றே: வேலையின் பெயர், எத்தனை நாள், எந்த வரிசை எண்ணுக்குப் பிறகு. நாம் மேலே எழுதிய பட்டியலேதான். போட்டு முடித்ததும் ஒவ்வொரு வேலையும் ஒரு நீளப் பட்டையாகத் திரையில் வரும். முக்கியப் பாதையைக் காட்டு என்று ஒரு வசதி இருக்கும். அதை அழுத்தினால் அந்தப் பாதையில் உள்ள பட்டைகள் மட்டும் தனியாகத் தெரியும். மைக்ரோசாப்ட் பிராஜெக்டில் சிவப்பாகத் தெரியும். டோட்டல் ஸ்லாக் என்று ஒரு பத்தி உண்டு. அதுதான் நம் கையிருப்பு நாள்.

எங்கள் பெண் முதல் தடவை போட்டபோது நான்கு தப்பு வந்தது. உங்களுக்கும் வரலாம், தெரிந்துகொள்ளுங்கள்.

ஒன்று, விடுமுறை. சனி, ஞாயிறு விடுமுறை என்று கம்ப்யூட்டர் தானாக எடுத்துக்கொண்டது. திங்கட்கிழமை தொடங்கிய 63 நாள் வேலை 87-ஆம் நாள் முடிவதாகக் காட்டியது. நாம் 30 நாள் என்று சொன்னது ஞாயிறும் சேர்த்த 30 நாள். அதனால் வாரம் ஏழு நாளும் வேலை நாள் என்று காலண்டரை மாற்ற வேண்டும்.

இரண்டு, தேதி. ஒரு வேலைக்குத் தொடங்கும் தேதியைக் கையால் அடித்துவிட்டாள். மைக்ரோசாப்ட் பிராஜெக்டில் அப்படிச் செய்தால் அந்தத் தேதிக்கு முன்னால் அந்த வேலை நகராது. முன் வேலை சீக்கிரம் முடிந்தாலும் அங்கேயே நிற்கும். திட்டம் தொடங்கும் தேதியை மட்டும் நாம் கொடுத்து, மற்ற தேதிகளைக் கம்ப்யூட்டரையே போட விட வேண்டும். 2010-க்குப் பின் வந்த மைக்ரோசாப்ட் பிராஜெக்டில் அது தானாகக் கணக்கிட, ஆட்டோ ஷெட்யூல் என்று ஒரு முறை தேர்வு செய்துகொள்ள வேண்டும்.

மூன்று, விட்டுப்போன அம்புக்குறி. லேபிளுக்கும் முதல் அரவைக்கும் தொடர்பு கொடுக்க மறந்துவிட்டாள். லேபிளுக்குக் கையிருப்பு 14 நாள் என்று காட்டியது. உண்மையில் 11 தான். லேபிள் இல்லாமல் பாக்கெட் போட முடியாது என்பது கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? நாம்தான் சொல்ல வேண்டும்.

நான்கு, ஆள் கணக்கு. பட்டியல்படி தீர்மானம் முடிந்ததுமே பழுது வேலையும் பயிற்சியும் ஒன்றாகத் தொடங்குகின்றன. கம்ப்யூட்டர் சரி என்றது. ஆனால் சித்தாள் வேலைக்கு நின்றதும் நாம்தான், பயிற்சிக்குப் போக வேண்டியதும் நாம்தான். ஒரே ஆள் இரண்டு இடத்தில் இருக்க முடியுமா? பயிற்சிக்கு 43 நாள் கையிருப்பு இருக்கிறதே, அதைப் பழுது முடிந்த பிறகு தள்ளி வைத்தோம். முடிவு நாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதேபோல நடவு சமயம், அறுவடை, திருவிழா, பிள்ளைகள் பரீட்சை எல்லாம் பார்த்துத்தான் நம் ஆள் கணக்கைப் போட வேண்டும்.

கம்ப்யூட்டர் கூட்டல் கழித்தலைத் தப்பில்லாமல் செய்யும். ஆனால் நாம் பட்டியலில் எழுதாமல் விட்ட வேலையை அது கண்டுபிடிக்காது. மும்முனை இணைப்பு வேண்டும் என்பதையே நாங்கள் மறந்திருந்தோம். அதனால் இந்தத் தொழிலை ஏற்கெனவே செய்கிற ஒரு குழுவிடம் பட்டியலைக் காட்டி, "எதையாச்சும் விட்டுட்டோமா?" என்று முதலில் கேளுங்கள்.

தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி

திட்டம் போட்டு பீரோவில் வைத்தால் பயன் இல்லை. வேலை முடியும் வரை ஒவ்வொரு வாரக் கூட்டத்திலும் தீர்மானப் புத்தகத்தில் மூன்று வரி எழுதுங்கள்.

முதல் வரி: முக்கியப் பாதையில் இப்போது நடக்கிற வேலை எது? அதற்குப் பொறுப்பு யார்? (எல்லோரும் என்று எழுதக் கூடாது. ஒரு பெயர் எழுத வேண்டும்.)
இரண்டாம் வரி: அடுத்து வரப்போகிற முக்கியப் பாதை வேலைக்கு இப்போதே என்ன தயார் செய்ய வேண்டும்?
மூன்றாம் வரி: கையிருப்பு குறைவாக உள்ள வேலை எது? எத்தனை நாள் மிச்சம்?

முக்கியப் பாதை வேலையைப் பொறுப்பெடுத்தவருக்கு மற்றவர்கள் துணை நிற்க வேண்டும். மனு கொடுக்க அலுவலகம் போகிற நாளில் அவர் வீட்டு ஆட்டை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையை ஒருவர் பள்ளியில் விடலாம். அதுவும் திட்டத்துக்குச் செய்கிற வேலைதான். இன்னொன்று, முக்கியப் பாதையில் இல்லாத வேலையைச் செய்கிறவரை "நீ சும்மாதானே இருக்க" என்று சொல்லாதீர்கள். அவர் வேலையும் முடிந்தால்தான் வண்டி கிளம்பும்.

செய்து பாருங்கள்

ஒரு குழுவுக்குப் பள்ளிச் சீருடை தைக்கும் ஆர்டர் வந்திருக்கிறது. துணி வர 10 நாள். துணி வந்த பிறகு வெட்ட 3 நாள். தையல் மெஷின்களை சர்வீஸ் செய்ய 4 நாள், இதை முதல் நாளே தொடங்கலாம். வெட்டும் சர்வீசும் முடிந்த பிறகு தைக்க 12 நாள். பிறகு காஜா, பட்டன் 4 நாள். அளவு லேபிள் டவுனிலிருந்து வர 15 நாள், இதையும் முதல் நாளே சொல்லிவிடலாம். காஜாவும் லேபிளும் முடிந்த பிறகு இஸ்திரி போட்டுக் கட்ட 2 நாள்.

அ. மொத்தம் எத்தனை நாள்? முக்கியப் பாதை எது?
ஆ. மெஷின் சர்வீஸ் 6 நாள் பிந்தினால் என்ன ஆகும்?
இ. துணி 2 நாள் பிந்தினால் என்ன ஆகும்?
ஈ. லேபிளுக்குக் கையிருப்பு எத்தனை நாள்?

விடை: அ. 31 நாள். துணி, வெட்டு, தையல், காஜா, இஸ்திரி. ஆ. ஒன்றும் ஆகாது, கையிருப்பு 9 நாள் இருக்கிறது. இ. 33 நாள் ஆகும். ஈ. 14 நாள்.

குழுவில் பேசுங்கள்

நம் குழு இதுவரை செய்த வேலைகளில் எது பிந்தியது? அன்று யாரைத் திட்டினோம்? உண்மையில் எந்த வேலை முடிவு நாளைப் பிடித்து வைத்திருந்தது?

நாங்கள் இதைப் பேசியபோது கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. மெஷின் பிந்தியது என்று கடைக்காரரையும், பழுது பிந்தியது என்று கொத்தனாரையும் எத்தனை திட்டு திட்டியிருக்கிறோம்! பிறகு எங்கள் ஊக்குநர் அக்கா சிரித்துவிட்டு, "நாத்து விடாம வயல உழுதுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார்.

இப்போது எங்கள் பக்கத்து ஊர்க் குழு மரச்செக்கு போடப் போகிறது. போன வாரம் வந்து, "மொதல்ல எதப் பிடிக்கணும்?" என்று கேட்டார்கள். பதில் சொல்லவில்லை. ஒரு சாக்பீஸும் ஒரு படி புளியங்கொட்டையும் கொடுத்து உட்கார வைத்தோம். ஒரு மணி நேரத்தில் அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள்.

உங்கள் குழுவும் உட்கார்ந்து பாருங்கள். அடுத்த கடன் மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்.